அரசலாற்றங்கரையில் ஒரு விடுமுறை

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களின் முகத்தில் ஒளி பிறக்கிறது. ஆனால் அந்த விடுமுறையை எவ்வாறு கழிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பலருக்கு விடை கிடைப்பதில்லை. எங்கள் ஆயக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், பழனிமலை என்பார்கள். சற்று வசதி உள்ளவர்கள் கோடைக்கானல் என்பார்கள். மலையடிவாரத்தில் வாழ்பவர்களுக்கு மலையே விடுமுறை. அதில் குற்றம் இல்லை. எனினும், அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் மலையை விட்டு, ஒரு முறையேனும் ஆறு கடலோடு கலக்கும் இடத்தைச் சென்று பார்த்து வருதல் நன்று என்பது என் கருத்து. அதிலும், நம் நாட்டு வரலாறும் அயல்நாட்டு வரலாறும் ஒரே தெருவில் கைகோத்து நிற்கும் ஓர் ஊராக அது இருந்துவிட்டால், பத்து நாள் பாடத்தை ஒரு நாள் நடையில் கற்றுவிடலாம்.

அத்தகைய ஊர் ஒன்று நம் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டியே இருக்கிறது. அதுதான் காரைக்கால். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரெஞ்சு வரலாற்றோடு பிணைந்திருந்த அந்த ஆற்றங்கரை நகரத்தில் நான்கைந்து நாட்கள் தங்கினால் என்னென்ன செய்யலாம், எவற்றைக் காணலாம், காண்பவற்றை எப்படிப் பொருள் கொள்ளலாம் என்பதை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் ஏன் ஆற்றங்கரைகளையே நாடினார்கள்? இந்தியாவில் அவர்களுக்கு நெடுங்காலம் நிலைத்திருந்த குடியேற்றங்கள் ஐந்து. புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்தது. காரைக்கால் அரசலாற்றின் கரையிலும், ஏனாம் கோதாவரியின் கரையிலும், மாகி மய்யழிப் புழையின் கரையிலும், சந்திரநாகூர் ஊக்ளி நதியின் கரையிலும் அமைந்தவை. வரைபடத்தை எடுத்து வைத்து இந்த ஐந்தையும் புள்ளியிட்டுப் பாருங்கள். உண்மை தானே விளங்கும். அந்நாளில் வணிகர்கள் நாடிவந்த சரக்குகளுள் முதன்மையானது நம் நெசவாளர்களின் துணி. அது உள்நாட்டு ஊர்களில் நெய்யப்பட்டது. பெருங்கப்பல்களோ கரையோரம் வர இயலாமல் ஆழ்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. உள்நாட்டையும் ஆழ்கடலையும் இணைத்தவை சிறு படகுகள். சிறு படகுகளுக்கு ஆற்று வாயே துறைமுகம். ஆதலால் ஆற்றின் வாயைப் பிடித்தவன் வாணிபத்தின் வாயைப் பிடித்தவன் ஆனான்.

பிரெஞ்சுக்காரர் என்றால் நமக்குத் தொலைவானவர்கள், அவர்களுக்கும் நம் திண்டுக்கல் சீமைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணக் கூடும். தொடர்பு உண்டு. மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக இருந்த ஐதர் அலி, 1755ஆம் ஆண்டில் இங்கே ஒரு படைக்கலச் சாலையை நிறுவினார். அதற்குத் துணை நின்றவர்கள் பிரெஞ்சுத் தொழில் வல்லுநர்கள். நாம் பேருந்தில் போகும்போது சன்னல் வழியே பார்க்கும் அந்தத் திண்டுக்கல் பாறையின் நிழலிலேதான் பிரெஞ்சு முறைப் படைக்கலத் தொழில் நடந்திருக்கிறது. பின்னர் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலேயர் வசம் சென்றது. ஆகவே, காரைக்காலுக்குச் செல்லும் திண்டுக்கல் மாணவன், தன் ஊர் வரலாற்றின் மறுபாதியைத் தேடிச் செல்கிறான் என்றே சொல்ல வேண்டும்.

இனி வழியைச் சொல்கிறேன். ஆயக்குடியிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகத் திருச்சி சேர்ந்து, அங்கிருந்து தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாகக் காரைக்காலை அடையலாம். நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே 2011ஆம் ஆண்டில் புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டதால், திருச்சியிலிருந்து தண்டவாளத்தின் வழியாகவும் செல்ல முடிகிறது. நான் பகல் பயணத்தையே பரிந்துரைப்பேன். ஏனெனில் வழியே ஒரு பாடம். திண்டுக்கல் வரை செம்மண்ணும் வேலமரமும் கிணற்றுப் பாசனமுமாக இருக்கும் நிலம், திருச்சியைத் தாண்டியதும் மெல்ல நிறம் மாறுகிறது. தஞ்சைக்குக் கிழக்கே சென்றால், பாலத்துக்குப் பாலம் ஒரு வாய்க்கால், கல்லுக்குக் கல் ஒரு மதகு. நீரை ஆயிரம் கையாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் காவிரியின் திறத்தை அங்கேதான் காண வேண்டும்.

எப்போது செல்வது என்பதும் ஆராய வேண்டியதே. சித்திரை, வைகாசியில் சென்றால் கடைமடை ஆறுகளில் நீரோட்டம் இராது. முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறி நிற்பதைத்தான் ஆறு என்று எண்ணிக்கொண்டு திரும்புவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். புயல் பயமும் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு; அந்த நீர் கடைமடையை எட்டச் சில நாட்கள் பிடிக்கும். ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிச் சென்றால் மாங்கனித் திருவிழாவைக் காணலாம். தைப் பொங்கல் விடுமுறையில் சென்றால் சம்பா அறுவடையைக் காணலாம். இந்த இரண்டில் எது வாய்த்தாலும் நன்றே.

ஊருக்குள் நுழையுமுன் அதன் வரலாற்றைச் சுருக்கமாக அறிந்து கொள்ளுங்கள். 1738இல் தஞ்சை மராட்டிய அரியணைக்குப் போட்டி நிகழ்ந்தபோது, சாகஜி என்பவர் புதுச்சேரி ஆளுநர் தூமாவின் உதவியை நாடி, கைம்மாறாகக் காரைக்காலைத் தருவதாக வாக்களித்தார். காரியம் கைகூடியபின் வாக்கு தளர்ந்தது. அப்போது திருச்சியைக் கைக்கொண்டிருந்த சந்தா சாகிபு தலையிட்டதன் பயனாக, 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அதன்பின் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட போதெல்லாம் இந்தச் சிற்றூர் கை மாறியது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்தனர், பின்னர் திருப்பித் தந்தனர், மீண்டும் பிடித்தனர். இறுதியாக 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி, 1817இல் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. அந்த உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை உண்டு. திரும்பப் பெறும் இடங்களில் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டலாகாது. அமைதி காக்க வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கலாகாது. காரைக்காலில் கோட்டை எங்கே என்று தேடி ஏமாறாதீர்கள். கோட்டை இல்லாமையும் ஒரு வரலாற்றுச் சான்றே.

நம் நாடு 1947இல் விடுதலை பெற்றபோது காரைக்கால் விடுதலை பெறவில்லை. 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறியது. இன்று காரைக்கால், புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதியின் ஒரு மாவட்டம். அதைச் சுற்றிலும் நிலப்பக்கம் முழுவதும் தமிழ்நாடு. மறுபக்கம் வங்கக் கடல்.

இப்போது ஊரைப் பார்ப்போம். முதல் நாளை நடைக்கு ஒதுக்குங்கள். பிரான்சு நாட்டில் லுவார் நதிக்கரையில் உள்ள ஓர்லேயான் போன்ற பழைய நகரங்களுக்கு விடுமுறைக்குச் செல்வோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையில் சந்தைக்குப் போகிறார்கள். மாதா கோவிலைப் பார்க்கிறார்கள். நகரசபை மாளிகையின் முன்னே சற்று நிற்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தைத் தேடிச் சென்று பெயர்களைப் படிக்கிறார்கள். மாலையில் ஆற்றங்கரையில் நடக்கிறார்கள். சந்தை, கோவில், நகரசபை, நினைவுச் சின்னம், ஆறு என்ற இந்த ஐந்தும் ஒரு பிரெஞ்சு ஊரின் உறுப்புகள். 1918க்குப் பின் பிரான்சில் நினைவுச் சின்னம் இல்லாத ஊரைக் காண்பது அரிதாகிவிட்டது. இந்த ஐந்து அடையாளங்களையும் கையில் வைத்துக் கொண்டு காரைக்காலில் நடந்து பாருங்கள். ஐந்தும் அங்கே கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் தமிழ் மணம் கலந்திருக்கும்.

நேராக ஓடும் தெருக்கள் பல உண்டு. அவற்றின் வழியே நடந்தால் பழைய அரசாங்கக் கட்டடங்களைக் காணலாம். தூய தேற்றரவு அன்னை ஆலயம் என்று அழைக்கப்படும் கத்தோலிக்கக் கோவில் மணிக்கூண்டோடு நிமிர்ந்து நிற்கிறது. பெயரைக் கவனியுங்கள். ஆறுதல் அளிப்பவள் என்னும் பொருளை எவ்வளவு இனிய தமிழில் சொல்லியிருக்கிறார்கள்! போரில் உயிர் நீத்தவர்களுக்காகப் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய நினைவுச் சின்னமும் ஊரில் உள்ளது. கையிலே குறிப்பேடு இருக்குமானால், அங்கே கண்டதைக் கண்டபடி எழுதிக் கொள்ளுங்கள்.

ஆட்சி முறையிலும் பிரெஞ்சுச் சுவடு இருக்கிறது. நம் பக்கத்தில் ஊராட்சி, ஒன்றியம் என்கிறோம். அங்கே கடைப்பலகைகளிலும் அரசாங்கப் பலகைகளிலும் ‘கொம்யூன்’ என்ற சொல்லைக் காண்பீர்கள். பிரான்சில் உள்ளாட்சியின் அடிப்படை அலகுக்கு அதுவே பெயர். 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு இந்தியாவில் நகரசபை முறை ஏற்பட்டபோது அச்சொல்லும் இங்கே வேரூன்றியது. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்ற தூய தமிழ் ஊர்ப்பெயர்களுக்குப் பின்னால் கொம்யூன் பஞ்சாயத்து என்று எழுதியிருப்பதைக் காணும்போது, ஒரு பிரெஞ்சுச் சொல்லும் ஒரு வடசொல்லும் தமிழ் எழுத்தில் குடித்தனம் நடத்துவதைக் கண்டு நான் வியந்து நின்றதுண்டு.

மாலையில் அரசலாற்றங்கரைக்குச் செல்லுங்கள். அரிசிலாறு என்பது இதன் பழம்பெயர். சங்கப் புலவர் ஒருவர் அரிசில் கிழார் என்றே அழைக்கப்பட்டார். காவிரியிலிருந்து பிரிந்து, கும்பகோணத்தை ஒட்டி ஓடி, வழியெல்லாம் வயல்களுக்குத் தன்னைக் கொடுத்துக் கொடுத்து இளைத்து, இங்கே கடலை அடைகிறது. ஆற்றோரமாகவே கடற்கரை வரை நடக்கலாம். படகுகள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பாருங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சற்று நேரம் நின்று கவனியுங்கள். கடல் ஏறும் வேளையில் ஆறு பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். ஏற்றவற்றம் என்னும் பூகோளப் பாடத்தை எழுத்தில் படித்தவர்கள் அதனைக் கண்ணால் காண இது தக்க இடம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாது. அங்கே குளிக்க இறங்குவது கூடாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கி உயிர்களைக் கொண்டு சென்றது. கடலோடு விளையாடாதே என்று மீனவர் சொன்னால், அது தாய் தந்தையரை இழந்தவர்களின் சொல் என்று மதித்துக் கேளுங்கள்.

இரண்டாம் நாளை அம்மையாருக்கு ஒதுக்குவோம். காரைக்கால் என்னும் பெயரை உலகறியச் செய்தவர் பிரெஞ்சு ஆளுநர் அல்லர். அவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பிறந்த புனிதவதி என்னும் பெண்மணி. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவர். அம்மூவருள் நூல்கள் இயற்றிய பெருமை இவர் ஒருவருக்கே உரியது. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டுத் திருப்பதிகங்கள் ஆகியவை அவர் அருளியவை. சேக்கிழார் கூறும் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். வணிகனான கணவன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியார்க்கு ஒன்றைப் படைத்துவிடுகிறார் புனிதவதி. உணவின்போது ஒரு கனியைச் சுவைத்த கணவன் மற்றதையும் கேட்கிறான். இறைவனை வேண்டிய கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருப்பதைக் கண்ட கணவன் உண்மையை அறிந்து, மனைவியைத் தெய்வமென அஞ்சி, கப்பலேறிப் பிரிந்து போகிறான்.

பக்திக் கதையாக மட்டும் இதைக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். வரலாற்று மாணவனின் காதுக்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. அக்காலத்துக் காரைக்காலில் செல்வ வணிகர்கள் இருந்தார்கள். அவர்களிடம் மரக்கலம் இருந்தது. நாகப்பட்டினத்தோடு கொள்வினை கொடுப்பினை இருந்தது. பிரெஞ்சுக்காரர் வந்துதான் காரைக்கால் துறைமுகமாயிற்று என்பது பொருந்தாது. துறைமுகமாக இருந்ததனால்தான் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள்.

ஆனி மாதத்தில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், மாப்பிள்ளை அழைப்பு, திருக்கல்யாணம் முதலியன நடந்தபின், பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார். அப்போது வீட்டு மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மக்கள் மாங்கனிகளை வீசுகிறார்கள். கீழே நிற்பவர்கள் போட்டி போட்டுக் கொண்டு பிடிக்கிறார்கள். ஒரு கனியைக் கொடுத்ததற்காக ஒரு பெண் இல்லற வாழ்வையே இழந்தாள். அவள் நினைவாக ஓர் ஊரே ஆண்டுதோறும் கனிகளை அள்ளி இறைக்கிறது. ஈகைக்கு இதைவிட அழகான விழா எனக்குத் தெரியாது.

அதே நகரில் புகாராவிலிருந்து வந்த மகான் மஸ்தான் சாகிப் அடங்கியுள்ள தர்கா இருக்கிறது. அங்கு நடைபெறும் கந்தூரி விழாவில் பல சமயத்தாரும் கலந்து கொள்கிறார்கள். அம்மையார் கோவில், மஸ்தான் சாகிப் தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம் ஆகிய மூன்றையும் ஒரே காலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

மூன்றாம் நாள் திருநள்ளாற்றுக்குச் செல்லுங்கள். சில கிலோமீட்டர் தொலைவுதான். சனீசுவரன் சந்நிதிக்காகப் பெருங்கூட்டம் வரும் தலம் அது. நளன் துயர் தீர்ந்ததாகக் கூறப்படும் தீர்த்தமும் உண்டு. மூலவர் தர்ப்பாரணியேசுவரர், தியாகராசப் பெருமானுக்குரிய ஏழு விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. மதுரையில் நடந்த அனல் வாதத்தின்போது, ஞானசம்பந்தர் தீயில் இட்ட ஏடு இத்தலத்தைப் பாடிய பதிகம் எழுதிய ஏடே என்றும், அது வேகாமல் பச்சையாகவே இருந்தது என்றும் கூறுவர். அதனால் அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர். சனிக்கிழமையைத் தவிர்த்து வேறொரு நாளில் சென்றால் கூட்ட நெரிசல் இன்றிக் கோவிலை நன்கு காணலாம்.

நான்காம் நாள் மீண்டும் ஆற்றங்கரைக்கே வாருங்கள். இம்முறை காட்சிக்காக அன்று, நினைவுக்காக. பிரெஞ்சுத் தீவுகளில் 1848ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் திரட்டிக் கப்பலேற்றினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுள் மார்த்தினீக்குக்கு முதற்கப்பல் சென்றது 1853இல். குவாதலூப்புக்குச் சென்றது 1854இல். பின்வந்த சில பத்தாண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறக்குறைய 42,000 இந்தியர்கள் சென்றனர். மார்த்தினீக்குக்கு ஏறக்குறைய 25,000 பேர். இந்துமாக்கடலிலுள்ள ரெயூனியன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் தமிழ்ச் சீமையிலிருந்து போனவர்கள் ஏராளம். ஒப்பந்தம் ஐந்தாண்டு என்று எழுதப்பட்டது. ஐந்தாண்டு முடிந்தபின் திரும்பி வந்தவர்கள் சிலரே. வழியில் கடலிலும், போன இடத்தில் நோயிலும் மாண்டவர்கள் பலர்.

அந்தக் கப்பல்களில் சென்றவர்கள் யார்? பஞ்சத்தால் நிலம் இழந்தவர்கள், கடன்பட்டவர்கள், ஆட்கட்டும் தரகரின் சொல்லை நம்பியவர்கள். மழை பொய்த்தால் கிணறு வற்றும், கிணறு வற்றினால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்குப் புதிய செய்தி அன்று. எனவே அந்தக் கரையில் நிற்கும்போது, இங்கிருந்து போனவர்கள் நமக்கு வேற்றார் அல்லர் என்ற உணர்வு உங்களுக்கு வரும், வர வேண்டும்.

அப்படிப் போனவர்களின் வழியில் வந்த ஒருவரின் பெயரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆன்றி சிதம்பரம் என்பது அவர் பெயர். 1863இல் குவாதலூப் தீவில் பிறந்தவர். அங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியர்க்கு வாக்குரிமை இல்லை, அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர் என்று அரசாங்கம் கூறியபோது, 1904ஆம் ஆண்டு முதல் நீதிமன்றத்தில் வாதாடினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போராட்டம் நீடித்தது. 1923இல் அவர் கோரிய உரிமை கிடைத்தது. பெயர் மட்டுமே தமிழாக எஞ்சிய ஒரு குடும்பத்தின் பிள்ளை, சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தன் இனத்தாருக்குக் குடியுரிமை வாங்கித் தந்தார். கல்வி எதற்கு என்று கேட்கும் மாணவனுக்கு இவரைத்தான் நான் காட்டுவேன்.

குடியுரிமை என்ற சொல் காரைக்காலுக்கும் மிக நெருங்கியது. 1881ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுச் சட்டம் வந்தது. தம் குலவழக்கைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர விரும்பும் இந்தியர், அவ்வாறு எழுதிக் கொடுத்துக் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக் கொள்ளலாம் என்றது அச்சட்டம். பின்னர் 1962இல் இணைப்பு நிறைவேறியபோது, மக்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ளலாம் என்று உடன்படிக்கை இடம் தந்தது. ஒரு வீட்டில் அண்ணன் ஒருவிதமாக முடிவு செய்ய, தம்பி வேறுவிதமாக முடிவு செய்திருக்கலாம். அந்த ஆறு மாத காலத்தில் எத்தனை திண்ணைகளில் எத்தனை இரவுகள் விவாதம் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாடு என்பது நாம் பிறந்த மண்ணா, பேசும் மொழியா, கையில் இருக்கும் காகிதமா? பாட நூல் இக்கேள்வியைக் கேட்பதில்லை. காரைக்கால் கேட்கிறது.

இன்னும் ஒரு நாள் மிஞ்சுமானால் கடலோரமாகவே வடக்கும் தெற்கும் போய் வாருங்கள். வடக்கே தரங்கம்பாடி. டேனிசுக்காரர் 1620இல் அமைத்த கோட்டை கடலைப் பார்த்து இன்றும் நிற்கிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழைக் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845இல் டேனிசுக்காரர் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். தெற்கே நாகூர், ஆண்டவர் தர்காவின் உயர்ந்த மினாராக்களோடு நிற்கிறது. அதை அடுத்த நாகப்பட்டினம் போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தரிடமும், 1781இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. போர்த்துகீசியர், ஒல்லாந்தர், டேனிசுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய ஐந்து ஐரோப்பிய இனத்தாரின் சுவடுகளும் பேருந்தில் ஒரே பகலில் கடந்துவிடக் கூடிய கடற்கரைத் துண்டில் கிடக்கின்றன. உலக வரைபடத்தை ஒரு கைக்குட்டைக்குள் மடித்து வைத்தாற்போன்ற இடம் அது.

பயணத்துக்கு வேண்டியவை அதிகம் இல்லை. குறிப்பேடு ஒன்று, எழுதுகோல் ஒன்று, வெயிலுக்குக் குடை ஒன்று. ஒவ்வோர் இரவும் அன்று கண்டவற்றுள் மூன்றை எழுதுங்கள்: ஒரு பெயர், ஓர் ஆண்டு, ஒரு கேள்வி. பெயரையும் ஆண்டையும் நூலகத்தில் சரிபார்த்துக் கொள்ளலாம். கேள்விக்கு மட்டும் ஊர்ப் பெரியவர்களிடம் விடை தேடுங்கள். கிளிஞ்சல்மேடு போன்ற மீனவர் ஊர்களில் முதியவர்களைக் கண்டால் வணங்கி, காற்றின் பெயர்களையும் மீன்களின் பெயர்களையும் கேளுங்கள். அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் இடையூறு செய்யாதீர்கள். அனுமதியின்றிப் படம் பிடிக்காதீர்கள். விருந்தாளிக்கு உரிய அடக்கம் பயணிக்கும் வேண்டும்.

பயணத்தின் முழுப் பயன் ஊர் திரும்பிய பின்னரே கிடைக்கும். வெளியூரைப் பார்க்கக் கற்ற கண், சொந்த ஊரையும் புதிதாகப் பார்க்கும். ஆயக்குடியின் பெருமை கொய்யாப் பழம். சந்தைக்குச் சந்தை கூடை கூடையாகப் போகிறது. கொய்யா நம் மண்ணின் ஆதி மரம் என்றுதான் நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். ஆனால் அதன் தாயகம் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். கடலோடிகள் கொண்டுவந்த விதை எங்கள் செம்மண்ணில் சொந்தம் கொண்டாடுகிறது. அம்மையாரின் மாங்கனியோ நம் நாட்டுக்கே உரியது. அது இங்கிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றியது. 1782இல் மொரீசியசிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு மாங்கன்றுகளை ஏற்றிச் சென்ற ஒரு பிரெஞ்சுக் கப்பலை ஆங்கிலேயர் மறித்துப் பிடித்து, அக்கன்றுகளை யமேக்காவில் நட்டனர் என்பது வரலாறு. அங்கிருந்து வந்த கனி ஆயக்குடியில் பழுக்கிறது. இங்கிருந்து போன கனி அங்கே பழுக்கிறது. மனிதர்களும் அவ்வாறே போயிருக்கிறார்கள், வந்திருக்கிறார்கள். சிலர் விரும்பி, பலர் வேறு வழியின்றி.

எனவே, மாணவர்களே, அடுத்த விடுமுறைக்கு வீட்டில் இசைவு பெற்று, நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஆசிரியர் ஒருவரையோ உறவில் மூத்தவர் ஒருவரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு, காரைக்கால் சென்று வாருங்கள். செலவு பெரிதன்று. கோவில் நகரம் ஆதலால் தங்குவதற்கும் உண்பதற்கும் எளிய இடங்கள் கிடைக்கும். வரும்போது, அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் நீங்கள் எழுதிய கேள்வியோடு வாருங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை, அடுத்த விடுமுறை வரை உங்களுக்குப் போதும்.